எல்லும் கேயும் உள்ள ஏழெழுத்து

யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் நாங்கள் உடுப்புத் தோய்த்தது பனம்பழத்தில். பழத்தைப் பிசைந்து, களியைத் தண்ணீரில் கரைத்து, அதில் உடுப்பை ஊறப்போட்டுக் கும்முவோம். அழுக்கு ஓரளவு போகும், பழத்தின் மணம் போகாது. ஒருநாள் கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சேட்டின் ஒரு கையை அயல்வீட்டு மாடு சப்பித் தின்றுவிட்டது. மனைவி மற்றக் கையையும் வெட்டி அதை அரைக்கைச் சேட்டாக்கித் தந்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டுதான் கந்தோருக்குப் போனேன். இந்த மாட்டுக் கதையைப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதே சேட்டின் பொக்கற்றில் இருந்த ஒரு தாளைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு முப்பத்திரண்டு வயது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை. நீர்வேலிப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் மனைவியும் நானும் குடியிருந்தோம். எங்கள் ஒழுங்கை ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு வாசிகசாலை இருந்தது. மின்சாரம் இல்லை, ரேடியோவுக்கு பற்றரி இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான் கிடப்போம். உள்ளூர்ப் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வரும். ஆங்கிலப் பத்திரிகை வருவது சாமான் சுற்றிய தாளாகத்தான். கொழும்புக்குப் போய் வந்தவர்கள் பொதியை அவிழ்த்ததும் அந்தத் தாளைக் கையால் நீவி வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படி வந்த ஒரு தாளில் ஒரு சொற்புதிர் இருந்தது. இத்தனை எழுத்தில், இன்ன இன்ன எழுத்துகள் வருகிற ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடி என்று கேட்டிருந்தார்கள். அதை வைத்துப் பொழுது போக்கத் தொடங்கினோம், நாலைந்து கிழமைக்குள் அது பெரிய போட்டியாகிவிட்டது. செயலாளர் சனிக்கிழமை பின்னேரம் கரும்பலகையில் எழுத்துகளை எழுதி, பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். ஞாயிறு நாலு மணிக்குப் பலகை திரும்பும். நடுவர், இளைப்பாறிய ஸ்ரேஷன் மாஸ்ரர் ஒருவர். ரயில் நின்றுபோன ஊரில் அவரிடம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் சும்மா கிடந்தன. பச்சையைக் காட்டினால் எழுத வேண்டும், அரை மணித்தியாலத்தில் சிவப்பைக் காட்டினால் பென்சிலை வைக்க வேண்டும். அவர் அதைச் சிரிக்காமல்தான் செய்வார்.

பிறகு ஒவ்வொருவரும் தன் சொற்களை உரத்து வாசிக்க வேண்டும். சந்தேகமான சொல்லை நடுவர் வாசிகசாலையின் பெரிய டிக்சனரியில் பார்ப்பார். போட்டி நாளில் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொடக்கூடாது. அதில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் இல்லை. இல்லாத சொல்லை எழுதியவருக்கு ஒரு புள்ளி வெட்டு. இரண்டு பேர் சமமாக வந்தால் பரிசைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருமுறை மெழுகுதிரி ஒன்றை நூலால் அறுத்துப் பங்கு வைத்தார்கள். பரிசென்பது பெரும்பாலும் அப்படித்தான், ஒரு மெழுகுதிரி, ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு பென்சில்.

தொடர்ந்து ஏழு கிழமை நான்தான் வென்றேன். கடைக்காரர் என்னை 'இங்கிலீசுக்காரர்' என்று கூப்பிடத் தொடங்கினார். கேட்காத மாதிரி நிற்பேன், உள்ளுக்குள் குளிரும். கந்தோரில் எனக்கு மேலே இருந்தவர்கள் ஒருநாளும் என் ஆங்கிலத்தை மதித்ததில்லை. ஆகவே இந்த வாசிகசாலைக் கெட்டித்தனத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டாவது கிழமை அவர் வந்தார். காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு தோட்டக்காரர் கொடுத்த துண்டுக் காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு, பிள்ளைத்தாச்சி மனைவியோடு இருந்தார். என்னைவிட ஓரிரண்டு வயது குறைவாக இருக்கும். சீமெந்து ஆலையில் சூளைப் பகுதியில் பதிவுப் புத்தகம் எழுதியவராம். ஆலை நின்றதோடு வேலையும் போய், இங்கே வாழைக்குலை சுமந்து கொண்டிருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். பின் வரிசை வாங்கில் ஓரமாக இருந்து எழுதினார், மூன்று கிழமை அடுத்தடுத்து என்னைத் தோற்கடித்தார்.

எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து, புட்டு அவியவில்லை என்று மனைவியோடு சண்டை பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று அவள் கேட்டாள். "புட்டெல்லாம் நல்லாத்தானே அவிஞ்சிருக்கு."

அடுத்த கிழமைப் பரிசு சவர்க்காரம் என்று செயலாளர் அறிவித்தார். கொழும்பிலிருந்து வந்த யாரோ கொடுத்தது, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம், முழுக் கட்டி. மேசையில் வைத்துக் காட்டியபோது ஒரு கிழவர் எழும்பி வந்து அதை மணந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை ஒரு நாள் மனைவி கிணற்றடியிலிருந்து வந்து சொன்னாள்.

"பாவம் அந்தக் கொட்டில் பெண். குழந்தை பிறந்து இருபது நாளாகுது. பிள்ளையின்ரை துணியளைப் பனம்பழத்திலை தோய்க்க, அதிலை எறும்பு ஏறுதாம். பிள்ளையின்ரை துடையெல்லாம் கடிச்சு வீங்கிக் கிடக்கு. இந்த ஞாயிறு சவுக்காரம் வருமெண்டு இருக்கிறா. மனுசன் சொன்னவராம், அது தங்களுக்குத்தானெண்டு."

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. 'அது தங்களுக்குத்தான்' என்ற ஒரு சொல்தான் என் காதில் நின்றது. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. போட்டி நடக்க முன்னமே இவர்கள் சவர்க்காரத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள், அப்படியென்றால் நான் யார் என்று நினைத்தேன். குழந்தையின் துடை அப்போது என் நினைவிலேயே இல்லை.

அந்த மாதம் வாசிகசாலையைக் காலையில் திறக்கிற முறை என்னுடையது. திறப்பு என் கையில் இருந்தது. ஞாயிறு காலை வழக்கத்தைவிட வெள்ளெனப் போய்க் கதவைத் திறந்து, கரும்பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு எழுத்து, எல்லும் கேயும் கட்டாயம் வர வேண்டும். பலகையை இருந்த மாதிரியே சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, டிக்சனரியை எடுத்து முதல் எழுத்திலிருந்து தேடத் தொடங்கினேன். மடியில் வைத்தால் கால் விறைக்கிற புத்தகம் அது. கட்டுத் தளர்ந்து, அட்டை போய், பின்பக்கம் சில தாள்கள் ஏற்கெனவே இல்லை.

சீ எழுத்துக்குள் போனதும் 'கிளிங்கர்' என்ற சொல் கண்ணில் பட்டது. சூளையில் எரிந்து இறுகிய கட்டி என்று பொருள் போட்டிருந்தது. நான் வாழ்க்கையில் கேள்விப்படாத சொல். எண்ணிப் பார்த்தேன், ஏழு எழுத்து. இதை ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று சந்தோசப்பட்டேன். சூளையோடு வேலை செய்தவர் ஒருவர் பின் வாங்கில் இருக்கிறார் என்பது அந்த நேரம் என் புத்தியில் தட்டவில்லை.

வெளியே செயலாளரின் சைக்கிளுக்கு ஸ்ராண்ட் போடுகிற சத்தம் கேட்டது. நான் அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, பொக்கற்றில் வைத்தேன். ஏன் கிழித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நின்றிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சொல் எனக்கு மட்டும் இருக்க வேண்டும் என்ற அவா, வேறொன்றும் இல்லை. பின்னேரம் முதல் ஆளாக வந்து தாளை உள்ளே செருகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று மணிக்கே போனேன். எனக்கு முன்னமே ஸ்ரேஷன் மாஸ்ரர் வந்து, டிக்சனரியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஆட்கள் வந்து நிரம்பினார்கள். தாள் பொக்கற்றிலேயே இருந்தது. என் சொல்லை யாரும் சந்தேகப்படாவிட்டால் டிக்சனரிக்கு வேலை வராது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பிளாங்கெற், பாட்லொக், மில்க்மன், ஸ்பார்க்கிள் என்று ஓடியது. ஒன்பதாவதாகக் கிளிங்கர் எழுதினேன். சிவப்புக்கொடி காட்டும்போது என்னிடம் பதினாலு சொற்கள் இருந்தன.

அவரை முதலில் வாசிக்கச் சொன்னார்கள். அவரிடமும் பதினாலு. பதின்மூன்று சொற்களை ஒருவரும் மறுக்கவில்லை. கடைசியாக அவர் வாசித்தது, "கிளிங்கர்."

முன் வாங்கில் இருந்த ஒருவர் சிரித்தார். "அதென்ன சாமான்?"

"சூளையிலை எரிஞ்சு வாற கட்டி அண்ணை. அதை அரைச்சுத்தான் சீமெந்து எடுக்கிறது. மணிக்கொருக்கா நான் அதைத்தானே புத்தகத்திலை எழுதினனான்."

"உது உங்கடை பாக்ரரிப் பாஷையா இருக்கும்," என்றார் செயலாளர். "மாஸ்ரர், பாருங்கோ."

ஸ்ரேஷன் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரட்டினார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். தாளைத் திருப்பினார், திரும்பவும் முன்னுக்குத் திருப்பினார். என் நெஞ்சு அடித்த அடியில் பொக்கற்றுக்குள் இருந்த தாள் அசைவது வெளியே தெரிகிறதோ என்று பயந்தேன்.

"இல்லைத் தம்பி," என்றார் அவர். "அப்பிடியொரு சொல்லு இதிலை இல்லை."

"இருக்க வேணும் ஐயா. ஒருக்கா நான் பாக்கட்டோ?"

"போட்டி நாளிலை புத்தகத்தை ஒருத்தரும் தொடுறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்த இடத்திலை வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினால் இங்கிலீசோ?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் நின்றபடியே எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார், ஆங்கிலம் தெரிந்தவன் என்று ஊரே சொல்கிற ஆளை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'எனக்கும் அந்தச் சொல் தெரியும், இதோ என் தாளிலும் இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசைக்குக் கீழே தாளைப் பிடித்து, என் ஒன்பதாவது சொல்லைப் பென்சிலால் வெட்டினேன். வாசிக்க முடியாத அளவுக்குத் திரும்பத் திரும்ப வெட்டினேன்.

அவருக்குப் பதின்மூன்றில் ஒன்று வெட்டிப் பன்னிரண்டு. எனக்குப் பதின்மூன்று. உண்மைப்படி பார்த்தால் சமம், கட்டியைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். பாதிச் சவர்க்காரமாவது அந்தக் கொட்டிலுக்குப் போயிருக்கும். அது கை தட்டலுக்கு நடுவில் முழுக் கட்டியாக என் கையில் வந்தது.

அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கிளிங்கர் என்று. அது அவரோடு நிற்கவில்லை. யாராவது புளுகினால் "கிளிங்கர் விடாதை" என்று சொல்வது ஊரில் வழக்கமாகிவிட்டது. கடையில், தோட்டத்தில், கோயில் வீதியில்கூடக் கேட்டிருக்கிறேன். கேட்கிறபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் யாராவது ஏனென்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

கட்டியைச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டு நான் அதைத் தொடவில்லை. பொக்கற்றில் இருந்த தாளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் துணிவு வரவில்லை, சேட்டைக் கழற்றிப் போட்டதோடு சரி. மனைவியும் தொடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம் கந்தோரால் வந்து பார்த்தபோது தட்டில் அது இல்லை.

"அந்தப் பிள்ளைக்கு இண்டைக்கு முப்பத்தொண்டு," என்றாள் மனைவி. குழந்தை பிறந்த துடக்குக் கழிகிற நாள் அது. "வெறுங்கையோடை போகேலாதெல்லே. சவுக்காரத்தைக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். எங்களுக்குப் பனம்பழம் காணும். அந்தப் பெண் கையைப் பிடிச்சு அழுதிட்டா. நீங்கள் கோவிக்காதையுங்கோ."

எனக்குக் கோபம் இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல இருந்தது. நான் செய்த பிழையை என் மனைவி தெரியாமலே சரி செய்துவிட்டாள், இனி இதை மறந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஏதோ கேட்க வேண்டும் போலிருந்ததால் கேட்டேன்.

"எதிலை வைச்சுக் குடுத்தனீர்?"

"சுத்தித்தான் குடுத்தனான். உங்கடை அரைக்கைச் சேட்டைத் தோய்க்க எடுக்கேக்கை பொக்கற்றிலை ஒரு இங்கிலீசுத் தாள் கிடந்தது. பெரிய தாள், கட்டிக்கு அளவாக் காணும். எடுத்து வைச்சிருந்தனான்."

கடையில் சீனி சுற்றக்கூடத் தாள் இல்லாத காலம் அது. வீட்டில் ஒரு தாளையும் யாரும் எறிவதில்லை. அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். கிளிங்கர் அச்சடித்திருக்கிற தாளில் சுற்றி, என் மனைவி கையால், அவர் வீட்டுக்கு அவர் சவர்க்காரம் போயிருக்கிறது.

அவர் வந்து சேட்டைப் பிடித்து இழுத்து நாலு அறை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு நல்லது. ஒரு நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக்குப் போகக் கால் கூசியது. போகாவிட்டால் பழி உறுதியாகிவிடும் என்று போனேன். அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். போட்டி தொடங்க நேரம் இருந்தது. வாழையிலைத் துண்டில் கொஞ்சம் குழைந்த சோறு கொண்டுவந்து, ஸ்ரேஷன் மாஸ்ரரிடம் கேட்டு வாங்கிய டிக்சனரியை விரித்து வைத்து, ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உதென்ன செய்யிறீர்?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒரு தாள் கழண்டு போச்சுது அண்ணை. வீணாப் போகாமல் ஒட்டிவிடுறன்."

"நல்ல வேலை," என்றார் ஸ்ரேஷன் மாஸ்ரர். எந்தத் தாள் என்று அவர் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அவர் விரலை வைத்து, 'இந்தா இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். என்னை அந்த ஊரில் தலை நிமிர விடாமல் செய்திருக்கலாம். அவர் ஈரம் காயும்வரை உள்ளங்கையால் தாளை அமத்திப் பிடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

"என்ரை மனுசி அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னவ," என்றார். "பிள்ளை இப்ப நல்லா நித்திரை கொள்ளுது."

அக்கா என்றது என் மனைவியை. அவளுக்காகத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதே விளங்கியது. நான் தலையை ஆட்டினேன். அவர் அதன்பிறகு ஒருநாளும் போட்டியில் எழுதவில்லை. பத்திரிகை பார்க்க மட்டும் வருவார். "கிளிங்கர், இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டால் "ஓம்" என்று வருவார். டிக்சனரி அங்கேதான் இருந்தது. எழும்பிப் போய் அந்தத் தாளை விரித்துக் காட்ட எனக்குப் பத்து அடி நடந்தால் போதும். நாலு வருஷம் நான் அந்தப் பத்து அடியை நடக்கவில்லை. இதில் இன்னொரு கேவலம், பிறகும் எத்தனையோ ஞாயிறு நான்தான் வென்றேன், பரிசுகளையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரோடு எல்லாரும் வெளிக்கிட்டபோது நாங்களும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். காலையிலிருந்து மழை. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனம் அசையவே இடமில்லாமல் நின்றது. மனைவி முதல்நாள் தொட்டுச் சாப்பிடவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி ரோட்டோரச் சேற்றிலேயே இருந்துவிட்டாள். இரண்டு பையையும் அவளையும் என்னால் ஒன்றாகத் தூக்க முடியவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது தெரிந்தது. பாரில் ஒரு சின்னப் பெண் பிள்ளை, கரியரில் மூட்டை, பக்கத்தில் அவர் மனைவி.

கூப்பிட வாயைத் திறந்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் நான் கேட்டதில்லை. சனம் நெருக்கி அவரைக் கொண்டுபோகப் பார்த்தது.

"கிளிங்கர்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். என்னைக் கண்டார், கீழே இருந்த என் மனைவியைக் கண்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அந்தச் சனத்துக்குள்ளால் எதிர்ப்பக்கம் வந்தார். அவருடைய மனைவி மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டார். என் மனைவியைக் கரியரில் ஏற்றினோம். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாரில் இருந்த பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

"அப்பா, உங்களை ஏன் கிளிங்கர் எண்டு கூப்பிடுகினம்?"

"அது ஒரு சொல்லு பிள்ளை," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "மாமாவைக் கேள். அவருக்குத் தெரியும்."

பிள்ளை என் பக்கம் திரும்பியது. மழைத்தண்ணீர் அதன் முகத்தில் ஓடியது.

"சூளையிலை எரிஞ்சு வாற கட்டியம்மா," என்றேன். "உண்மையான சொல்லு. டிக்சனரியிலை இருக்கு. நான் பாத்தனான்."

வாசிகசாலை ஆட்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது.